விழிஞ்ஞம்: மரபைக் காக்கும் இளைஞர்கள் கடலைக் காப்பார்களா?

திருவனந்தபுரம்: கேரளத்தின் விழிஞ்ஞம் ஆழ்கடல் துறைமுகத்தைக் கடந்த 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த 3 வாரங்களில், அத்துறைமுகத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற 'எம்.எஸ்.சி. எல்சா-3' என்ற சரக்குக் கப்பல் அரபிக் கடலில் சாய்ந்து, மே 25-ஆம் தேதி மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் மீட்கப்பட்டனர். ஆனால் அதிலிருந்த 640-க்கும் மேற்பட்ட பெட்டகங்களில் பல கடலில் விழுந்தன. பிளாஸ்டிக் குருணைகள் கேரளக் கடற்கரை நெடுகிலும், தெற்கே கன்னியாகுமரி மாவட்டக் கரை வரையிலும் ஒதுங்கின. இதனை மாநிலப் பேரிடராக அறிவித்த கேரள அரசு, 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரி உயர் நீதிமன்றத்தை நாடியது.

இந்த இரு நிகழ்வுகளுக்கும் பின்னால், உலகெங்கும் வலதுசாரி அரசியலில் எழுந்துள்ள ஒரு கேள்வி விழிஞ்ஞத்தின் வடிவில் நிற்கிறது. சமயம், குடும்பம், மரபு, சொந்த மண் ஆகியவற்றைக் காப்பதே தங்கள் அரசியல் என்று கூறும் இளைஞர்கள், அந்த மண்ணையும் கடலையும் பருவநிலை மாற்றத்திலிருந்து காக்க முன்வருவார்களா என்பதே அக்கேள்வி.

மேலை நாடுகளில் இதற்கு ஓரளவு விடை உருவாகி வருகிறது. அமெரிக்காவில் பெஞ்சி பேக்கர் என்ற கல்லூரி மாணவர், 2017-இல் தமது 19-ஆவது வயதில் 'அமெரிக்கன் கன்சர்வேஷன் கோலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். சுற்றுச்சூழல் இடதுசாரிகளின் தனிச்சொத்து அன்று என்பதே அவ்வமைப்பின் முதல் வாதம். அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-இல் குடியரசுக் கட்சி அதிபர் ரிச்சர்ட் நிக்சன் காலத்தில் உருவானது என்பதை இவ்வகை இளைஞர்கள் அடிக்கடி நினைவூட்டுகின்றனர். பிரிட்டனில் வேதியியல் பயின்ற பிரதமர் மார்கரெட் தாட்சர், 1989 நவம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் புவி வெப்பமயமாதல் குறித்து எச்சரித்தார். அதே நாட்டின் மெய்யியலாளர் ரோஜர் ஸ்க்ரூட்டன், வீட்டின் மீதும் ஊரின் மீதும் மனிதனுக்குள்ள பற்றே சூழல் காப்பின் உண்மையான ஊற்று என வாதிட்டவர். முன்னோரிடம் பெற்றதைப் பின்னோருக்குக் குறைவின்றிக் கொடுப்பது பழமைவாதத்தின் அடிப்படைக் கடமை எனில், காற்றும் நீரும் அதில் அடங்காமல் போகுமா என்பது இத்தரப்பின் கேள்வி.

வாதம் வலுவானது. ஆனால் இந்தியாவில் அதைச் சோதிக்க வேண்டிய இடம் கருத்தரங்க மேடை அன்று. சொந்த ஊர்ப்பற்றும் நாட்டின் வளர்ச்சியும் நேருக்கு நேர் மோதும் கடற்கரைதான். 2022-இல் விழிஞ்ஞத்தில் நடந்தது அத்தகைய மோதல்.

140 நாள் போராட்டம்

அதானி குழுமத்துடன் துறைமுக ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில், உம்மன் சாண்டி தலைமையிலான காங்கிரஸ் கூட்டணி அரசின் காலத்தில் கையெழுத்தானது. அவ்வாண்டு டிசம்பரில் பணி தொடங்கியது. 2014-இல் வழங்கப்பட்டிருந்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், அனுமதி செல்லும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. கூடவே கண்காணிப்புக் குழு உள்ளிட்ட நிபந்தனைகளையும் விதித்தது. அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் நீள நீள, வடக்கே பூந்துறை, வலியதுறை, சங்குமுகம் பகுதிகளில் கரை அரிக்கப்படுவதாக மீனவர்கள் குற்றஞ்சாட்டினர். வீடுகளை இழந்த குடும்பங்கள் கிடங்குகளிலும் பள்ளிகளிலும் ஆண்டுக்கணக்கில் தங்கவைக்கப்பட்டன.

2022 ஜூலை 20-ஆம் தேதி தலைமைச் செயலகம் முன்பு தொடங்கிய போராட்டம், ஆகஸ்ட் 16 முதல் துறைமுக நுழைவாயிலுக்கு மாறியது. முன்நின்று நடத்தியது திருவனந்தபுரம் லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம். ஒவ்வொரு பங்கிலிருந்தும் முறைவைத்து மக்கள் வந்தனர். பங்குத்தந்தையரும் அருட்சகோதரிகளும் கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தினரும் பந்தலில் அமர்ந்தனர். செப்டம்பரில் எர்ணாகுளத்தின் மூலம்பிள்ளியிலிருந்து விழிஞ்ஞம் வரை விழிப்புணர்வுப் பயணமும் நடந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இளைஞர்களை எந்த அளவுகோலால் அளந்தாலும் புரட்சியாளர்கள் என்று கூற இயலாது. ஞாயிறு திருப்பலி, பங்குப் பேரவை, குடும்ப ஒழுக்கம், கருக்கலைப்பு எதிர்ப்பு என அவர்களின் பொதுவாழ்வு முழுவதும் திருச்சபையின் மரபுக்குள் அமைந்தது. மேலை நாட்டில் இவர்களைத் தயக்கமின்றிப் பழமைவாதிகள் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். சூழலியலுக்கான சொற்களை அவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து பெறவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடல் பூமியைப் பொது இல்லம் என்று குறிப்பிட்டு, ஏழைகளின் அழுகையும் பூமியின் அழுகையும் வேறல்ல என்ற கருத்தை முன்வைத்தது. அந்தச் சொற்களே மறையுரைகள் வழியாகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தன.

போராட்டக் குழு முன்வைத்த 7 கோரிக்கைகள் பருவநிலை அரசியலைப் புரிந்துகொள்ள நல்ல ஆவணம். துறைமுகப் பணியை நிறுத்திவைத்து உள்ளூர் வல்லுநர்களையும் கொண்டு ஆய்வு நடத்த வேண்டும், வீடிழந்தோருக்கு மறுவாழ்வு அளிக்க வேண்டும் என்பவை எதிர்பார்க்கக் கூடியவை. வானிலை எச்சரிக்கையால் கடலுக்குச் செல்ல இயலாத நாட்களுக்கு ஊதிய இழப்பு வழங்க வேண்டும் என்பது வேறு வகை. அரபிக் கடல் வெப்பமடைந்து, புயல்கள் வலுவடைந்து வருவதாக அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாகக் கூறி வருகின்றனர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் விழிஞ்ஞம், பூந்துறை, அதற்குத் தெற்கே தூத்தூர், சின்னத்துறை எனத் தமிழகக் கரை வரை மீனவர்களைப் பலிகொண்ட பிறகு, எச்சரிக்கை அறிவிப்புகள் அடிக்கடி வரத் தொடங்கின. ஒவ்வோர் எச்சரிக்கையும் ஒரு நாள் கூலியை விழுங்குகிறது. பருவநிலை மாற்றத்தை வெப்பநிலைப் புள்ளிகளில் அளப்பவர்கள் உண்டு. இவர்கள் அடுப்பு எரியாத நாட்களில் அளந்தனர்.

ஆனால் அதே பட்டியலில் மானிய விலை மண்ணெண்ணெயும் இருந்தது. புதைபடிவ எரிபொருளைக் கைவிடுமாறு உலக இளைஞர்கள் வீதியில் முழங்கும்போது, கடல் காக்கப் போராடிய இளைஞர்கள் படகு இயந்திரத்துக்கு மலிவான எரிபொருள் கேட்டனர். இதை முரண்பாடு என்று எள்ளி நகையாடியவர்களும் உண்டு. கரை அரிக்கப்பட்டு மீன் தொலைவுக்குப் போனால் படகும் தொலைவுக்குச் செல்ல வேண்டும், தொலைவு கூடினால் எரிபொருள் கூடும் என்ற எளிய கணக்கை அவர்கள் கவனிக்கவில்லை. வாழ்வாதாரத்தோடு பிணைந்த சூழல் அரசியல் இப்படித்தான் தூய்மையற்றதாக இருக்கும்.

ஒரே மேடையில் எதிரிகள்

துறைமுகத்தை ஆதரித்தவர்களின் அணி இன்னும் வியப்பானது. 2022 நவம்பர் 1-ஆம் தேதி, துறைமுகத்துக்கு ஆதரவான பேரணியின் மேடையில் மார்க்சிஸ்ட் கட்சியின் அப்போதைய மாவட்டச் செயலாளர் ஆனாவூர் நாகப்பனும், பா.ஜ.க. மாவட்டத் தலைவராக இருந்த வி.வி. ராஜேஷும் ஒன்றாகத் தோன்றினர். கண்ணூரில் ஆண்டாண்டாக இரத்தம் சிந்திய பகை கொண்ட இரு கட்சிகள், விழிஞ்ஞத்தில் ஒரே குரலில் பேசின. நவம்பர் 27-ஆம் தேதி இரவு விழிஞ்ஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டுக் காவலர்கள் பலர் காயமடைந்தனர். சுமார் 3,000 பேர் மீது வழக்குப் பதிவானது. முந்தைய நாள் மோதல் தொடர்பான வழக்கில் பேராயர் தாமஸ் ஜே. நெட்டோவின் பெயரும் இடம்பெற்றது. போராட்டக் குழுவைச் சேர்ந்த பாதிரியார் ஒருவர் மாநில அமைச்சர் ஒருவரின் பெயரைச் சுட்டி மதச்சார்புடன் கூறிய கருத்து கண்டனத்துக்குள்ளாகி, பின்னர் அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. கரைக்காகத் தொடங்கிய பேச்சு சாதி, மதப் பேச்சாக மாறியதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. டிசம்பர் 6-ஆம் தேதி போராட்டம் முடிவுக்கு வந்தது. பணியை நிறுத்த வேண்டும் என்ற முதன்மைக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. வீடிழந்த குடும்பங்களுக்கு மாத வாடகையாக 5,500 ரூபாய் வழங்க அரசு ஒப்புக்கொண்டது.

இதே காலத்தில், 2022 அக்டோபர் 20-ஆம் தேதி, குஜராத்தின் கேவடியாவில் ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் முன்னிலையில் பிரதமர் மோடி 'லைஃப்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். சுற்றுச்சூழலுக்கு இணக்கமான வாழ்க்கை முறையைத் தனிமனிதர்கள் பின்பற்ற வேண்டும் என்பது அதன் சாரம். ஆர்.எஸ்.எஸ். அமைப்பு தனது நூற்றாண்டையொட்டி முன்வைத்துள்ள ஐந்து மாற்றங்களில் சுற்றுச்சூழலும் ஒன்று. அதன் சுற்றுச்சூழல் பிரிவு நீர் சேமிப்பு, மரம் நடுதல், பிளாஸ்டிக் தவிர்ப்பு ஆகியவற்றை வலியுறுத்துகிறது. ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்புக்கும் வளர்ச்சியும் சூழலும் குறித்துச் செயல்படும் தனிப் பிரிவு உண்டு. எனவே இந்திய வலதுசாரி இளைஞர்களுக்குச் சூழல் குறித்த அக்கறை இல்லை என்று கூறுவது பிழை. அந்த அக்கறை வீட்டு முற்றத்தில் தொடங்கித் துறைமுக வாயிலுக்கு முன்பாகவே நின்றுவிடுகிறது என்பதே விழிஞ்ஞம் தந்த அனுபவம்.

எப்போதும் அப்படி நின்றதில்லை என்பதற்கு அதே கேரளத்தில் சான்று உள்ளது. பத்தனம்திட்டை மாவட்டம் ஆறன்முளையில் தனியார் விமான நிலையம் அமைக்கும் திட்டத்தை எதிர்த்த பாரம்பரியக் கிராம இயக்கத்துக்குத் தலைமை ஏற்றவர் கும்மனம் ராஜசேகரன். சங்கப் பின்னணி கொண்ட அவர், பின்னாளில் பா.ஜ.க. மாநிலத் தலைவராகவும் மிசோரம் ஆளுநராகவும் ஆனார். சைலன்ட் வேலிக்காகப் போராடிய கவிஞர் சுகதகுமாரியும் இடதுசாரிகளும் அதே போராட்டத்தில் கைகோத்தனர். நெல்வயலும் நீர்நிலையும் நிரப்பப்படும் என்பது ஒரு வாதம். பார்த்தசாரதி கோயிலின் மரபுக்கு ஊறு நேரும் என்பது மற்றொரு வாதம். சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 மே மாதம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் அதனை உறுதிப்படுத்தியது. சேது சமுத்திரத் திட்டத்திலும் ராமர் பாலம் குறித்த நம்பிக்கையும் மன்னார் வளைகுடாவின் உயிரினங்கள் குறித்த கவலையும் ஒரே மனுக்களில் இடம்பெற்றன.

ஆறன்முளையில் வயலுக்காக நின்றவர்கள் விழிஞ்ஞத்தில் கடலுக்காக நிற்காதது ஏன்? நாட்டின் பெருமிதம், தேசப் பாதுகாப்பு, சரக்கு வணிகம் என ஆதரவாளர்கள் கூறும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் ஆறன்முளையின் வயல், தங்கள் கோயிலைச் சுற்றிய தங்கள் நிலமாகத் தோன்றியது. விழிஞ்ஞத்தின் கரை வேறொரு சமூகத்தின் கரையாகத் தோன்றியது என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

இதே அளவுகோலைத் திருச்சபைக்கும் பொருத்தினால் முடிவு மாறுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த மாதவ் காட்கில் குழுவின் அறிக்கையும், அதனைத் தளர்த்திய கஸ்தூரிரங்கன் அறிக்கையும் வெளியானபோது, இடுக்கி மலைப்பகுதியில் எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர்களில் சீரோ மலபார் கத்தோலிக்கத் திருச்சபையினர் முக்கியமானவர்கள். காட்கில் அறிக்கையை ஆதரித்த காங்கிரஸ் எம்.பி. பி.டி. தாமஸுக்குப் பாடை கட்டிச் சவ ஊர்வலம் நடத்தினர். 2014 மக்களவைத் தேர்தலில் அவருக்குத் தொகுதி மறுக்கப்பட்டது. மலைப் பாதுகாப்புச் சமிதியின் சார்பில் இடதுசாரி ஆதரவுடன் நின்ற ஜாய்ஸ் ஜார்ஜ் வென்றார். கரையில் சூழலைக் காக்கக் கோரிய அதே மதம், மலையில் சூழல் சட்டத்தை எதிர்த்தது. 2018 பெருவெள்ளமும் 2024 ஜூலையில் முண்டக்கை, சூரல்மலையைப் புதைத்த நிலச்சரிவும் வந்த பின்னரே காட்கில் அறிக்கை மீண்டும் பலர் கைக்கு வந்தது.

துறைமுகத்தின் பக்கம் உள்ள பருவநிலை வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. விழிஞ்ஞத்தில் இயற்கையாகவே சுமார் 20 மீட்டர் ஆழம் உண்டு. பன்னாட்டுக் கப்பல் வழித்தடம் 10 கடல்மைல் தொலைவில் உள்ளது. இந்தியாவின் மாற்றுச் சரக்கில் ஏறத்தாழ 75 விழுக்காடு கொழும்பு, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில் கையாளப்பட்டு வந்துள்ளது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்வதில் லாரியைக் காட்டிலும் கப்பல் வெளியிடும் கரியமில வாயு மிகக் குறைவு. சந்தையும் தொழில்நுட்பமும் கொண்டே பருவநிலைச் சிக்கலைத் தீர்க்கலாம் என்று கூறும் மேலை நாட்டு இளம் பழமைவாதி, இந்தத் துறைமுகத்தைப் பார்த்து மகிழவே செய்வார். அவரது கணக்கில் வலியதுறையின் வீடுகள் வரா. ஸ்க்ரூட்டனின் ஊர்ப்பற்றும் பேக்கரின் சந்தைப்பற்றும் நூல்களில் ஒன்றாகப் பயணிக்கலாம். கடற்கரையில் அவை பிரிய நேர்கிறது.

தமிழகத்தின் பங்கு

விழிஞ்ஞத்தின் கதை மாநில எல்லையில் முடிவதில்லை. அலைத்தடுப்புச் சுவருக்கான பாறைகளில் ஒரு பகுதி கன்னியாகுமரி மாவட்ட மலைகளிலிருந்து சென்றது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரிகள், குவாரிகள் ஆகியவற்றை எதிர்த்து அம்மாவட்டத்தில் பல தரப்பினரும் போராடினர். அலையைத் தடுக்க மலை உடைபட்டது. மலைக்காகப் போராடியவர்களும் கரைக்காகப் போராடியவர்களும் ஒரே திட்டத்தின் இரு முனைகளில் நின்றும், பெரும்பாலும் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை. தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை என்பதும், அம்மறைமாவட்டத்தின் முந்தைய பேராயர் சூசை பாக்கியம் குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கவை.

குமரியில் 2016-இல் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தபோது, மீனவர் எதிர்ப்பால் இடம் மாற்றப்பட்டு, திட்டம் முன்னேறவில்லை. அதனை முன்னின்று ஆதரித்த பா.ஜ.க. மத்திய அமைச்சர் பொன். இராதாகிருஷ்ணன் 2019 தேர்தலில் தோற்றார். தமிழகத்தில் மரபையும் சூழலையும் இணைத்துப் பேசும் இளைஞர்கள் வேறு வழியாகவும் வந்துள்ளனர். 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்தில் நாட்டுமாட்டு இனங்களின் காப்பு என்பது பண்பாட்டு உரிமையாகவே முழங்கியது. நாம் தமிழர் கட்சி சுற்றுச்சூழல் பாசறை என்ற பிரிவை வைத்திருப்பதும், 2025-இல் ஆடுமாடுகளுக்கும் மரங்களுக்கும் தனித்தனி மாநாடு நடத்தியதும் இந்த ஓட்டத்தின் தொடர்ச்சியே. இவற்றைச் சிலர் வேடிக்கையாகப் பார்த்தனர். மரபின் மொழியில் சூழலைப் பேசினால் கேட்பதற்கு இளைஞர் கூட்டம் உண்டு என்பதை அவை காட்டின.

இலங்கையிலும் ஒரு முன்மாதிரி உள்ளது. 2021-இல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' கப்பலின் பிளாஸ்டிக் குருணைகள் நீர்கொழும்புக் கரையை மூடின. வழிபாட்டு முறையிலும் ஒழுக்கக் கோட்பாட்டிலும் மரபுவாதி என அறியப்பட்ட கர்தினால் மால்கம் ரஞ்சித், சூழல் ஆர்வலர்களுடன் நீதிமன்றம் சென்ற மனுதாரர்களில் ஒருவர். 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. எல்சா-3 வழக்கைக் கவனிப்போர் இத்தீர்ப்பையும் கவனித்து வருகின்றனர்.

விழிஞ்ஞத்தில் வணிகச் செயல்பாடு 2024 டிசம்பரில் தொடங்கியது. விரிவாக்கப் பணிகளை 2028-க்குள் முடிக்க ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. வீடிழந்த மீனவர்களுக்காக முட்டத்தறையில் கட்டப்பட்ட 332 அடுக்குமாடி வீடுகள் 2025 ஆகஸ்டில் ஒப்படைக்கப்பட்டன. கடலிலிருந்து விலகியுள்ள அடுக்குமாடியில் வலையையும் இயந்திரத்தையும் எங்கே வைப்பது என்ற பழைய கேள்வி மட்டும் அவர்களுடன் குடிபெயர்ந்துள்ளது.

அரசியல் களமும் மாறியுள்ளது. 2024 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க.வின் ராஜீவ் சந்திரசேகர், சசி தரூரிடம் 16,077 வாக்குகளில் தோற்றபோது, கடற்கரை வாக்குகளே முடிவைத் தீர்மானித்ததாகக் கருதப்பட்டது. 2025 டிசம்பரில் திருவனந்தபுரம் மாநகராட்சியின் 101 வார்டுகளில் 50-ஐப் பா.ஜ.க. கூட்டணி கைப்பற்றியது. மேயராகப் பொறுப்பேற்றவர், 2022-இல் துறைமுக ஆதரவு மேடையில் நின்ற வி.வி. ராஜேஷ். பூந்துறை, வலியதுறை, சங்குமுகம் ஆகிய அரிக்கப்படும் கரைகள் இன்று அவரது நிர்வாகத்தின் எல்லைக்குள் வருகின்றன. வேட்பாளர் ஒருவரின் மறைவால் தள்ளிவைக்கப்பட்டு, 2026 ஜனவரியில் நடந்த விழிஞ்ஞம் வார்டுத் தேர்தலில் காங்கிரஸ் வென்றது. மாநகராட்சியில் தனிப்பெரும்பான்மைக்குத் தேவைப்பட்ட அந்த 51-ஆவது இடம் பா.ஜ.க.வுக்குக் கிடைக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தில் தொடங்கும்.